மொச்சைக் குழம்பும் மாட்டாத சட்டைப் பட்டனும்

கொடியில் நாள் முழுக்கக் காய்ந்தாலும் அந்த வீட்டில் துணி பிசுபிசுவென்றுதான் இருக்கும். துண்டால் முகம் துடைத்தால் உதட்டில் உப்பு கரிக்கும்...

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி நாங்கள் முதலில் குடியேறிய மாமல்லபுரத்து மாடி வீடு.

நான் திண்டுக்கல்காரி. அவர் படாளம் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்பாக்கம் பக்கம் ஆபீஸ். காலையில் ஆபீஸ் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். என்னிடம் பேசும்போது மட்டும் ரேடியோவில் செய்தி வாசிப்பது போலச் சுத்தமான தமிழ். "சாப்பிட்டாயா? வெளியே ஏதாவது வாங்க வேண்டுமா?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ராத்திரி சாப்பாட்டில்தான் சங்கடம் ஆரம்பித்தது. அவசர அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். மேலே ஒரு சொம்பு தண்ணீர். உடனே முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "போதும்" என்று எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

குழம்பை மாற்றிப் பார்த்தேன், காரத்தைக் குறைத்துப் பார்த்தேன். தட்டில் பாதி அப்படியே மீந்தது. என் சமையல் பிடிக்கவில்லை, ஒருவேளை என்னையே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஆடிக்கு என்னை அழைத்துப் போக அப்பா வருவதாக இருந்தது. போனால் சீக்கிரம் திரும்பக் கூடாது என்று மனதுக்குள் ஒரு கணக்கு.

அப்பா வருவதற்கு ஒரு மாதம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைசியாக ஒரு முயற்சி என்று எங்கள் ஊர் மொச்சைக் குழம்பு வைத்தேன். என்ன நினைத்தாரோ, அன்றைக்கு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் செங்கல்பட்டில் ஒரு ரிசப்ஷன். நான் பட்டுப்புடவை கட்டித் தயாராக நிற்கிறேன், அவர் அறையை விட்டு வரவே இல்லை. எட்டிப் பார்த்தால் சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா பண்றதுன்னே தெர்லம்மா... வவுறு பம்முனு கீது. பட்டன் மாட்டவே மாட்டேங்குது!"

செய்தி வாசிப்பவர் காணாமல் போய், படாளத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார்.

"அப்ப தினமும் பாதியில எந்திரிச்சுப் போனது இதுக்குத்தானா? என் சமையல் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன்..."

"அய்யோ, அது இல்லம்மா. ஹாஸ்டல் காலத்துலேந்தே இப்டிதான். துன்ன ஒடனே ஊதிக்கும். புதுப் பொண்டாட்டி கிட்ட போயி கேஸ்னு எப்டி சொல்றது?"

ரிசப்ஷனுக்குப் போகவில்லை. மறுவாரம் செங்கல்பட்டில் ஒரு ஆயுர்வேத டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். டாக்டரம்மா இவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"எங்கய்யா அவ்ளோ அவசரமா ஓடுற? சோத்துக்குள்ளயா பஸ்ஸு நிக்கிது?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.

"மாத்திரை எதுனா குடுங்க மேடம்."

"மொதல்ல பல்லுக்கு வேலை குடு. மாத்திரைய அப்பறம் பாக்கலாம்."

மென்று நிதானமாகச் சாப்பிட வேண்டும். நடுவில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கூடாது. வேண்டுமென்றால் சீரகம் கொதித்த வெந்நீர், அதுவும் மடக்கு மடக்காக. மதியம் இஞ்சி, பெருங்காயம் போட்ட நீர்மோர். ராத்திரி சீக்கிரமே, கொஞ்சமாக. மொச்சை, கொண்டைக்கடலையெல்லாம் நன்றாக ஊறி, குழைய வேக வேண்டும், அளவாக. சாப்பிட்டதும் படுக்காமல் மெதுவாக ஒரு நடை. "வலி எடுத்தாலோ, எளைச்சிப் போனாலோ சும்மா இருக்காத, ஒடனே வந்து காட்டு" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் சாப்பாடு. பிறகு கடற்கரை வரை நடை. முதலில் அவர் முன்னால், நான் பின்னால். மெல்ல மெல்ல அவர் பேச ஆரம்பித்தார். வேடந்தாங்கல் பறவைகள் அவர்கள் வயலில் வந்து இறங்குவதை, வரப்பில் வழுக்கி விழுந்ததை எல்லாம் சொன்னார். எனக்கு பி.எட். படிக்க ஆசை என்பதை அந்த மணலில் வைத்துத்தான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னேன். "படியேம்மா, யாரு வேணான்னது?" என்றார்.

அவர் வயிறும் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் தட்டில் மீதி வைப்பது நின்றது.

ஆடிக்கு ஊருக்குப் போனேன். மாதம் முடியட்டும் என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் பாதியிலேயே கிளம்பிவிட்டேன். செங்கல்பட்டு ஸ்டேஷனில் காத்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"நீ இல்லாம ஒழுங்கா நடக்கலம்மா. வவுறு மறுபடியும் பேஜார் பண்ணுது."

வயிற்றின் மேல் பழி போடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது ஊரப்பாக்கத்தில் அபார்ட்மென்ட். நான் ஸ்கூல் டீச்சர். மகள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, "வயிறு ஊதுதும்மா" என்று ஆன்லைனில் ஏதோ பவுடர் ஆர்டர் போடுகிறாள். கடல் இல்லை, மணல் இல்லை. கார் பார்க்கிங்கைச் சுற்றித்தான் எங்கள் நடை. ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. சில நாள் பேசுவதுகூட இல்லை... அந்தக் கடற்காற்றை மட்டும் நினைத்துக்கொள்வேன்.

நேற்று நல்ல மழை. கீழே இறங்க முடியாமல் எங்கள் மாடி வராந்தாவிலேயே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தோம். எதிர் வீட்டுப் பெண் கதவைத் திறந்து பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி, ஏதாச்சும் தொலஞ்சு போச்சா?"

"இல்லம்மா," என்றேன். "இப்பதான் சாப்பிட்டோம்."