நான் சுடாத புலி

ரப்பர்த் தோட்டங்களில் வேதம் சொல்லும் ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார் சிலர் என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். பெருமைப்படும்படியாக நாலைந்தைப் பொறுக்கி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் தேறவில்லை. அதனால் மானம் போன கதையையே எழுதுகிறேன்.

1. முதல் பிரசங்கம்

மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூலி ஜனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து முன்வாசலில் என் முதல் பிரசங்கம். மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தேன். படபடப்பில் ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்துவிட்டேன். கேட்க வந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்காது. அவர்களும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். பதறிப்போய், "நான் ஒரு தடவை புலியப் பாத்தேன்" என்றேன். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

என்னைப் பிடித்த சனியன் அந்த நிமிஷத்தில்தான் பிடித்தது.

2. புலி வளர்ந்த விதம்

ஊழியத்துக்கு வருமுன் நான் பன்றி வேட்டைக்காரன். இளம் ரப்பர்க் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுவிடும். அதைச் சுடுவதற்குத் தோட்டங்களில் ஆள் வைத்திருந்த காலம் அது. ஒற்றைக்குழல் துப்பாக்கியும் இரண்டு நாயும் கொடுத்திருந்தார்கள். நாய்கள் கெட்டிக்கார நாய்கள்.

ஒரு நாள் ஓடைக்கரையில் புதரை விலக்கினால் எதிரே புலி. நாய்கள் எனக்கு முன்னாலேயே ஓடிவிட்டன. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ரம்புத்தான் மரத்தில் ஏறிவிட்டேன். மரம் முழுக்கச் செவ்வெறும்பு. மேலே எறும்பு, கீழே புலி என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். புலி தண்ணீர் குடித்தது, கொஞ்ச நேரம் படுத்தது, பிறகு போய்விட்டது. ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒரு பன்றி என் தொடையைக் கிழித்தது. மலாக்கா ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தபோது ஒரு பெரிய உபதேசியார் தினமும் வந்து வேதம் வாசித்தார். எழுந்து ஓட முடியாததால் கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்க மனசு இளகியது. அது மெய். அதில் நான் எதையும் கூட்டவில்லை.

கூட்டியதெல்லாம் புலியில்தான். முதல் தோட்டத்தில் பார்த்தேன் என்றேன். அடுத்த தோட்டத்தில் குறி வைத்தேன். தங்கா பத்து என்ற ஊர் போய்ச் சேர்வதற்குள் சுட்டே விட்டேன். "அந்தப் புலி செத்தது போல என் பழைய மனுஷனும் செத்தான்" என்று முடிப்பேன். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். நல்ல காரியத்துக்குச் சொல்கிற பொய்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

3. ஆசிரியர் ஆனேன்

அப்புறம் புத்தக ஆசை வந்தது. நான் மனம் திரும்பிய சாட்சியை இருபது பக்கத்துக்கு எழுதிக்கொண்டு மலாக்கா டவுனில் அச்சுக்கூடம் வைத்திருந்த ராவுத்தரிடம் போனேன். அட்டையில் புலிமேல் கால் வைத்து நான் நிற்கிற மாதிரி படம் வேண்டும் என்றேன்.

ராவுத்தர் பெட்டியைக் கிளறிவிட்டு, "புலிப் படம் அச்சடிக்கிற பிளாக் இல்ல உபதேசியாரே. சிங்கம் இருக்கு, போடட்டுமா?" என்றார்.

"சிங்கமும் புலியும் ஒன்னா பாய்?"

"படுத்துக் கெடக்கிற சிங்கம்தானே. நீங்க சுட்டப்புறம் எதுவா இருந்தா என்ன?"

சிங்கத்தோடு புத்தகம் வந்தது. தோட்டம் தோட்டமாகக் கொடுத்தேன். என் பெயரை அச்சில் பார்க்கிற சந்தோஷத்தில், ராத்திரி படுக்கும்போதுகூட ஒரு பிரதி தலைமாட்டில் இருக்கும்.

4. ஏழாம் நம்பர் காடு

நான் அடிக்கடி போகும் தோட்டம் ஒன்றில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது லயமே அடங்கிக் கிடந்தது. ஏழாம் நம்பர் காடு என்று சொல்லும் ரப்பர்ப் பிரிவில் புலித்தடம். இரண்டு ஆட்டைக் காணோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குப் போகிறவர்கள் புலியைப் பெயர் சொல்ல மாட்டார்கள். "பெரியவர்" என்பார்கள். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயம்.

நானோ வருஷக்கணக்காக அந்த லயத்து வாசலில் நின்று புலி, புலி என்று தொண்டை கிழியக் கத்தியவன். அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது மறுநாள் விடியற்காலையில்தான் தெரிந்தது.

ரப்பர்ப் பால் சேர வேண்டும் என்று தோட்டத்துத் துரை ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்தார். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வாளியோடு வந்து நின்றார்கள். ஏழாம் நம்பருக்குப் பேர் கூப்பிட்டதும் யாரும் நகரவில்லை. கங்காணி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினார். அவர் கையில் என் புத்தகம்.

"இந்தா பாருங்க. பெரியவரச் சுட்டவரு நம்ம தோட்டத்துலயே நிக்கிறாரு. பேரச் சொல்லிக் கூப்புடுறாரு, ஒன்னும் ஆகல. கொன்னவருதானே பேரச் சொல்ல முடியும்? இவரு முன்னால போவாரு. தொரை துப்பாக்கி தர்றேன்னுட்டாரு. இனிமே போகாதவங்களுக்கு லயம் கெடையாது, சொல்லிப்புட்டேன்."

 துப்பாக்கியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். புலி இன்று அந்தப் பக்கம் வராமலும் போகலாம். வராவிட்டால் எனக்கு இன்னும் பெரிய பெயர். இதையெல்லாம் நான் ஜெபிக்கிற பாவனையில் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரே அஞ்சலை நின்றாள். புருஷனை மலேரியாவில் பறிகொடுத்தவள். கைக்குழந்தையை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏழாம் நம்பரில் பால் வெட்டுகிற மரவரிசைகளில் முதல் நெரை அவளுடையது.

"ஐயா, கங்காணி சொல்றதுக்காக நான் போக மாட்டேன். நீங்க சொல்லுங்க. போகட்டா?"

"போகாதம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "போகாத. நான் புலியெல்லாம் சுடல. மரத்துல ஏறி உக்காந்திருந்தேன்."

கங்காணி புத்தகத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "அச்சுல இருக்கேய்யா?"

"அச்சடிச்சவனும் நான்தான். பொய் சொன்னவனும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒருவர் பின் ஒருவராக வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். முழுத் தோட்டமும் உட்கார்ந்ததும் லயத்தைக் காலி செய்கிற பேச்சு கங்காணி வாயில் அடங்கிவிட்டது. இனிமேல் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று என்னைத்தான் விரட்டினார். மெயின் ரோட்டைச் சேருவதற்குள் பின்னால் ஒரே கூச்சல். ஏழாம் நம்பரில் மேய்ந்துகொண்டிருந்த கங்காணியின் மாட்டைப் புலி அடித்துவிட்டது. அஞ்சலையின் முதல் நெரையில்.

அந்த இடத்திலேயே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். இதில் வேடிக்கையாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

5. அதற்குப் பிறகு

பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் வந்து மூன்றாம் நாள் புலியைச் சுட்டார். அவர் புத்தகம் எதுவும் போடவில்லை. ஆள் சேதம் இல்லாமல் போனதற்காகத் துரை சொல்லி, ஒரு மாதத்தில் என்னைத் திரும்பவும் உள்ளே விட்டார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துப் போனால் லயத்து வாசல் கொள்ளவில்லை. எல்லோருக்கும் ரம்புத்தான் மரத்துக் கதை வேண்டுமாம். எறும்பு எங்கெங்கே கடித்தது என்பதுவரை கேட்டார்கள். சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு அஞ்சலை வந்தாள். இடுப்பில் குழந்தை.

"ஐயா, அன்னைக்கு நெசத்தச் சொன்னீங்களே, உங்க சாமிதான் சொல்லச் சொல்லுச்சா?"

எவ்வளவு அருமையான சாட்சி கையில் வந்து விழுகிறது பாருங்கள். ஆமாம், வானத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்க தோஷம்.

"எனக்குச் சத்தம் ஒன்னும் கேக்கலம்மா. உன் மூஞ்சியப் பாத்தேன். பொய் சொல்ல முடியல."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப அடுத்த ஞாயித்துக்கெழமயும் வாங்க" என்றாள்.

தம்பிமாரே, எங்கே எப்படிப் பேச வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். கைதட்டலுக்காக நீங்கள் கூட்டிச் சொல்லும் ஒரு வரியை நம்பி, யாரோ ஒரு தாய் குழந்தையைக் கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போவாள்.