அரைச் சுற்று பாக்கி

கோழியின் நெஞ்சைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தையல் மெஷின் மாதிரி ஓடும். இறக்கைக்கு அடியில் வெதுவெதுவென்று, நம் உள்ளங்கை வியர்த்துப்போகிற சூட்டில், நிறுத்தாமல் ஓடும். அப்படி ஒரு புதுக்கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் கிடக்கிற உரலை மூன்று தடவை சுற்றி வந்துவிட்டால் அது அந்த வீட்டை விட்டு எங்கேயும் போகாது என்று ஒன்பது வயது வரைக்கும் நான் நம்பியிருந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்தில் மீசை நரைத்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். வெட்கப்பட வேண்டியது அதற்கு அடுத்த விஷயம். மனிதர்களுக்கும் அது பலிக்கும் என்று நான் நம்பினேன். எனக்கு நான்கு வயதில் அம்மா இறந்துபோனாள். 'போயிட்டா' என்றுதான் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். கல்யாணமாகி வந்த அன்றைக்கு அவளை யாரும் உரலைச் சுற்றவிடவில்லை போலிருக்கிறது, அதுதான் போய்விட்டாள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அதற்குப்பின் ஐந்து வருடம் எங்கள் வீட்டு அடுப்பு அத்தையின் கையில் இருந்தது. அய்யாவின் அக்கா, புருஷனை இழந்தவள், என்னை வளர்க்கவென்று வந்து தங்கியவள். வாசலில் அம்மா வளர்த்து விட்டுப்போன கோழிகள் மூன்று இருந்தன. அவற்றுக்குத் தலைவி 'கொண்டைச்சி'. காயப்போட்ட மிளகாயைக் கிளற எந்தக் கோழியையும் விடாது. தான் மட்டும் கிளறும். "வீட்டுல மூணு கெழட்டுப் பெட்டை" என்று யாரோ சொன்னபோது, "எங்க அக்காளையும் சேத்து எண்ணுங்கப்பா" என்று அய்யா சொல்லிவைத்தார். அது அத்தையின் காதில் விழுந்து, இரண்டு நாளைக்கு அவருக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் வெறும் கஞ்சி.

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது அய்யா இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டார். ஏர்வாடிப் பக்கம் ஒரு ஊர். பொண்ணு வீட்டில் ஆடம்பரமாகச் செய்ய வசதியில்லை. கீழக்கரை போகிற பஸ் எங்கள் ஊர் விலக்கில் நின்றதும், கையில் ஒரு தகரப் பெட்டியும் இடுப்பில் ஒரு ஓலைக்கூடையுமாக அவள் இறங்கினாள். கூடைக்குள் அவள் தாய்வீட்டுச் சீர்: இரண்டு 'வெடைக்கோழி'. குஞ்சுப் பருவம் தாண்டி, முட்டைக்கு இன்னும் மாசம் இருக்கிற இளம் பெட்டைகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்று செவலை, இன்னொன்று உடம்பெல்லாம் புள்ளி.

"ஏலே, வாயைப் பாத்துக்கிட்டு நிக்காம, இதுகளை ஒரல மூணு சுத்து சுத்திப் பஞ்சாரத்துல கவுத்து" என்றாள் அத்தை. பஞ்சாரம் என்பது மூங்கில் பிளாச்சில் இடைவெளி விட்டுப் பின்னிய பெரிய கூடை. கவிழ்த்துவிட்டால் கோழிக்கு அது ஒரு ஜெயில், ஜன்னல்கள் நிறைய உள்ள ஜெயில். நான்கைந்து நாள் புதுக்கோழி உள்ளே இருக்கும், பழைய கோழிகள் வெளியே இருந்து பார்த்து, திட்டி, இடைவெளியில் மூக்கை விட்டு ஒரு கொத்துக் கொத்தி, அலுத்துப்போகும் என்பது ஏற்பாடு.

செவலையை ஒழுங்காக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன். புள்ளியோடு மூன்றாவது சுற்றில் பாதி போயிருப்பேன், கொண்டைச்சி எங்கிருந்தோ பறந்துவந்து என் குதிகாலில் ஒரு போடு போட்டது. நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த தெருவில் ஆட்டுக்குட்டி கத்தியதாகப் பிற்பாடு சொன்னார்கள். புள்ளியைப் பஞ்சாரத்துக்குள் எறிந்துவிட்டு திண்ணை மேல் ஏறி நின்றேன்.

"மூணும் ஆச்சாலே?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆச்சு" என்றேன்.

அந்தப் பொய் என்னைத் தின்றது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாய்ப்பாடு கேட்க, நான் எதற்கோ "ரெண்டரை" என்று சொல்லி, ரெண்டரை மணி நேரம் பெஞ்சு மேல் நின்றேன்.

ஐந்தாம் நாள் அத்தை பஞ்சாரத்தைத் தூக்கினாள். செவலை வெளியே வந்து, குருணை கிடந்த இடத்தில் பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதுபோலக் கொத்தத் தொடங்கியது. புள்ளியைத்தான் மூன்றும் சேர்ந்து விரட்டின. கொண்டையில் ரத்தம் வடிய அது சீமைக்கருவேல வேலிக்குள் போய் ஒண்டிக்கொண்டது. புதிதாக வந்தவள் முள்ளுக்குள் கையை விட்டு அதை எடுத்து, காயத்தில் மஞ்சளைக் குழைத்து அப்பினாள். அவள் கையில் முள் கிழித்த கோடுகள். என் அரைச் சுற்று எப்படி வேலை செய்கிறது என்று நான் கண்ணாரப் பார்த்தேன்.

அடுப்படியில் பஞ்சாரம் எதுவும் கவிழ்த்திருக்கவில்லை. அங்கே அவள் நேராகவே கொத்து வாங்கிக்கொண்டிருந்தாள். "ஏத்தா, உங்க ஊருல உப்பளத்துத் தண்ணியை மொண்டுதான் ஒலை வப்பீகளோ?" என்பாள் அத்தை. "நாளைக்குக் கொறைச்சுப் போடுறேன் மதினி" என்பாள் அவள். மறுநாள், "இதுக்குப் பேரு கொழம்பா, கோழிக்கு வச்ச தண்ணியா?" அய்யா மிளகாய்க் கொல்லைக்குப் போகிற நேரம் நாளுக்கு நாள் சீக்கிரமாகிக்கொண்டே வந்தது. நானும் அவளுக்குப் பெரிய உதவியில்லை. அவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் இருந்தேன். ஏதாவது வேண்டுமென்றால் அவள் பக்கத்தில் போய் நின்று இருமுவேன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு பனங்கிழங்கு நார் உரித்து வைத்திருக்கும். முதுகில் சோப்புப் போட்டால் மெதுவாகத் தேய்ப்பாள். அத்தை தேய்ப்பது பாத்திரம் துலக்குகிற மாதிரி.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், தகரப் பெட்டி வாசலில் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் அவள் உட்கார்ந்து புடவைகளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இவளும் கிளம்பிவிட்டாள். அஞ்சு மணி பஸ்ஸை எப்படி நிறுத்தலாம், டயரில் கருவேல முள் வைத்தால் எவ்வளவு முள் வேண்டும் என்றெல்லாம் மூளை ஓடியது. இவளையும் யாரும் உரலைச் சுற்றவிடவில்லை! இதை எப்படி மறந்தேன்? மூளை இன்னும் பஸ் டயரிலேயே நின்றது, கை அதற்கு முன்னால் முடிவெடுத்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த ரோஸ் நிற சோப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு உரலைப் பார்த்து ஓடினேன்.

"ஏய், குடுப்பா, குடுடா" என்று அவள் எழுந்து விரட்டினாள். நான் உரலைச் சுற்றி ஓட, அவள் என் பின்னால் ஓட, ஒன்று. பழைய கோழிகளும் வெடைக்கோழிகளும் ஒரே குரலில் கத்திக்கொண்டு சிதற, இரண்டு. மூன்றாவது சுற்றில் பாதியில் அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன், ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

"எந்திரிங்க! இன்னும் அரைச் சுத்து! சின்னம்மா, அரைச் சுத்துதான் சின்னம்மா!" என்று அலறினேன்.

"என்னத்துக்குடா அரைச் சுத்து?" என்றாள், சிரிப்பை நிறுத்தி.

சத்தம் கேட்டு அத்தை கரண்டியோடு வந்தாள். "இங்கன என்ன சர்க்கஸா நடக்குது?"

நான் உடைந்துவிட்டேன். புள்ளிக்கு ரெண்டரைச் சுற்றுத்தான் ஆனது, கொண்டைச்சி கொத்தியது, நான் பொய் சொன்னது, அதனால்தான் அதை மற்றதுகள் சேர்க்கவில்லை, அம்மாவை யாருமே சுற்றவிடவில்லை, இப்போது சின்னம்மாவும் பெட்டி கட்டிவிட்டாள் என்று மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுக எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா என்ற சொல் வந்த இடத்தில் அத்தையின் கரண்டி தாழ்ந்தது.

"கூறு கெட்ட பயலே" என்றாள் அத்தை. ஆனால் அதில் வழக்கமான காரம் இல்லை. "உங்கம்மாவுக்குக் காச்சல்டா. அவளுக்குப் போவணும்னா ஆசை?"

சின்னம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "பூசணம் பிடிச்சிருமேன்னு புடவையை வெயில்ல போட்டேன்டா. காஞ்சுச்சு, மடிச்சு வச்சேன். நான் எங்கன போறேன்?"

பொழுது மங்கியதும் அத்தை வேலிக்குப் போய், தன் கையாலேயே புள்ளியைப் பிடித்து வந்தாள். "பகல்ல சேத்தாத்தான் கொத்தும். கண்ணு மங்குற நேரத்துல பக்கத்துல வச்சிட்டா, விடிஞ்சதும் நம்ம வீட்டுதுதான்னு நெனச்சிக்கிரும்."

"எங்க வீட்லயும் இப்பிடித்தான் செய்வோம் மதினி" என்றாள் சின்னம்மா.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன ஒனக்கு?"

"நீங்க கேக்கலையே மதினி."

அத்தை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கூட்டைத் தெற" என்றாள். சின்னம்மா திறந்தாள். கொண்டைச்சிக்கும் மற்றதற்கும் நடுவில் அத்தை புள்ளியைச் செருகினாள். உள்ளே ஒரு முனகல் கேட்டது, பிறகு அடங்கியது. மறுநாள் கொத்து இருந்தது, ஆனால் பேருக்குத்தான். குழம்புக்கும் அப்படியே.

மீதி அரைச் சுற்றைச் சுற்றச் சொல்லி நான் ஒரு வாரம் கெஞ்சியும் சின்னம்மா மசியவில்லை. சேட்டை பண்ணினால், மார்க்கு குறைந்தால், கொல்லைக்குப் போகச் சோம்பினால், "அரைச் சுத்து பாக்கி இருக்கு, பாத்துக்க" என்று ஒரு விரலைக் காட்டுவாள். நான் அடங்கிவிடுவேன்.

முழுதாக மூன்று சுற்றுச் சுற்றிவிட்ட செவலை, அந்த மழைக்காலத்திலேயே மூன்று வீடு தள்ளிக் குடிபோய், அங்கேயே முட்டையிட்டு, திரும்பி வரமாட்டேன் என்று நின்றது. ரெண்டரைச் சுற்றுப் புள்ளி எங்களோடு இருந்து, கொண்டைச்சிக்குப் பிறகு வாசலின் தலைவியாகி, புதிதாக வந்த அத்தனை வெடைக்கோழிகளையும் கொத்தியது.

இப்போது அந்த வீட்டில் கோழி இல்லை. முட்டை கடையில் அட்டையோடு வருகிறது. பஞ்சாரம் மக்கிப்போய் அடுப்பில் எரிந்தது. அத்தை கடைசி வருடம் சின்னம்மா கையால் மட்டும்தான் கஞ்சி குடித்தாள். உப்புப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மிக்சி வந்தபிறகு உரலில் மழைத்தண்ணீர் நிற்கிறது, காக்கை வந்து குடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்னம்மா செல்போனில் கூப்பிட்டு, "எப்பலே வாரே?" என்பாள்.

அந்த அரைச் சுற்றை அவள் இன்றுவரை சுற்றவில்லை. முப்பது வருடமாக அங்கேதான் இருக்கிறாள். வந்த கோழி ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக்கொண்டு, அந்த உரலை அதிகத் தடவை சுற்றியவன் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த வருடம் மதுரைக்கு பஸ் ஏறியவனும் நான்தான்.