படி முடியும் இடத்தில் ஒரு படாக் பீரோ

அந்த பீரோவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தத் தீவுக் காட்டின் விலையுயர்ந்த படாக் மரத்தில் செய்த ஆளுயர பீரோ. சுனாமியில் பழைய வீட்டுக்குள் கடல் ஏறியபோது உப்புத் தண்ணீரில் ஊறிப்போனது. காயவைத்து, டாலிகஞ்சில் மேட்டுச் சரிவில் பிடித்த வாடகை வீட்டுக்கும் தூக்கி வந்தோம். சில வருடங்களில் இணைப்புகள் விட்டு, கதவு கழன்று, பின்பலகை உளுத்துக் கொட்டியது.

அப்போதுதான் முனிசிபாலிட்டி ஆட்டோ ஒலிபெருக்கியில் இந்தியில் கத்திக்கொண்டு போனது. வேண்டாத பெரிய சாமான்களை ஞாயிறு காலையில் ரோட்டோரம் வையுங்கள், வண்டி வந்து அள்ளிக்கொள்ளும் என்று. இந்தத் தீவுக்கு எல்லாச் சாமானும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும், எதுவும் திரும்பிப் போகாது. கழிக்க வேறு வழியில்லாததால் நம்பிவிட்டோம். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற ஒரு குறுகல் படிக்கட்டுதான் உண்டு. என் கணவரும் பக்கத்து வீட்டு வங்காளிக்காரரும் முக்கி முனகி பீரோவை மேலே ஏற்றி, படி முடியும் இடத்தில் வைத்தார்கள். வங்காளிக்காரர் தன் ஓட்டை ஃபிரிட்ஜையும் பழைய மெத்தையையும் அதன் மேல் சாய்த்தார்.

வண்டி வந்தது. ஃபிரிட்ஜ் போனது, இரும்புக்கு விலை உண்டே. மற்ற இரண்டையும் தொடவில்லை. சூப்பர்வைசர் ராமநாதபுரத்துக்காரர், நம் ஆள்தான் என்று தமிழில் கேட்டேன். இந்தி கலந்து பதில் சொன்னார்.

“அக்கா, இது படாக் ஹை. ஃபாரஸ்ட் காகஜ் இல்லாம வண்டியில ஏத்துனா எனக்குக் கேஸ் ஆயிரும்.”

“உளுத்துப்போன குப்பைக்கு எதுக்குங்க பெர்மிட் காகிதம்?”

“குப்பைதான். ஆனா படாக் குப்பை.”

ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போனேன். செய்து முடித்த சாமான் மரக்கணக்கில் வராது, குப்பை முனிசிபாலிட்டி வேலை என்றார்கள். முனிசிபாலிட்டிக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். அதையே எழுதி வாங்கி வா என்றார்கள். எழுதித் தர ஃபாரஸ்டில் ஆள் லீவு. திரும்பப் போனால் சாப்பாட்டு நேரம். இரண்டு ஆபீசும் சேர்ந்து என்னைப் பந்தாடின. மழை பிடித்துக்கொண்டது. மெத்தை ஊறி நாறியது.

அம்மா மட்டும் வீட்டில் இல்லையென்றால் நானும் போகட்டும் என்று விட்டிருப்பேன். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தினமும் சமதரையில் நடக்க வேண்டும், இல்லையென்றால் கால் மடங்காமல் இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சரிவில் சமதரைக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, கணவரும் வங்காளிக்காரரும் படியில் தூக்கிப் போவார்கள். ரோட்டில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா நடப்பாள். படி முடியும் இடத்துக்குப் பீரோ வந்த பிறகு ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் அந்த இடத்தைத் தாண்டலாம். நாற்காலி எப்படிப் போகும்? ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் திறந்த சாக்கடை. ரோட்டுக்குள் தள்ளி வைத்தோம். வளைவில் பஸ் திரும்ப முடியவில்லை என்று போலீஸ்காரர் திட்டி, பழைய இடத்துக்கே இழுக்க வைத்தார்.

“நானே கோடாலியால வெட்டிப் போடுறேன்” என்றேன். கணவர் அரசாங்க ஸ்டோரில் கிளார்க். முகம் வெளுத்துவிட்டது.

“படாக்கை வெட்டுனோம்னு எவனாவது போட்டுக் குடுத்தா எனக்கு மெமோ வரும். சும்மா இரு.”

அவர் மீதும் எனக்கு அப்படியொரு ஆத்திரம். அன்று சோற்றை நங்கென்று வைத்தேன். அம்மா சமையல்கட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே வாக்கரைத் திருப்பித் திருப்பி நடந்து பார்த்தாள். திரும்பக்கூட அங்கே இடமில்லை. பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

“விடுட்டி, நான் ரோட்டுக்குப் போயி என்ன கிழிக்கப் போறேன்” என்றாள். ரோட்டில் நடப்பது அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்க்கடைத் தெலுங்குக்காரியிடம் பாஷை தெரியாமலே அரட்டை அடித்துவிட்டு வருவாள்.

மழைக்காலம் முழுக்க பீரோ அங்கேயே நின்றது. பிறகு டெல்லியிலிருந்து யாரோ பெரிய மனிதர் வருவதாகவும், எங்கள் ரோடு வழியாகக் கார் போகும் என்றும் பேச்சு வந்தது. மறுநாள் காலையிலேயே வண்டி வந்துவிட்டது. அதே வண்டி, அதே சூப்பர்வைசர். காகஜ் இல்லை, கேஸ் இல்லை. நான் காபி ஆற்றி முடிப்பதற்குள் பீரோவும் மெத்தையும் போய், அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் அம்மாவின் காலை மடக்கிப் பார்த்து, இனி இவ்வளவுதான் மடங்கும் என்று சொல்லியிருந்தார்.

பெரிய மனிதர் வந்து போன பிறகு சூப்பர்வைசர் படியிறங்கி வந்தார். என் புகார் தீர்ந்துவிட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவையும் அவரே கொண்டு வந்திருந்தார். கட்டிலில் அம்மா காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, எங்கம்மாவ மேல கூட்டிட்டுப் போயி ரோட்டுல நாலு எட்டு நடக்க வச்சிட்டு வாங்க. தீர்ந்துச்சுன்னு கையெழுத்துப் போடுறேன்” என்றேன்.

அவர் அம்மாவையும் அந்தக் காலையும் பார்த்தார்.

“அது ஹமாரா டிபார்ட்மெண்ட் இல்லையே அக்கா” என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே யோசித்துச் சொன்னார். நான் பேனாவை அவர் சட்டைப்பையில் செருகிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.