கொடியில் ஒரு கறுப்புப் பொட்டு

கமலாம்பிகை அன்ரிக்கு நாடுகளைத் துணியாகத்தான் தெரியும். ஜப்பான் சுகம் என்பார், ஒரு வட்டம் வெட்டினால் முடிந்தது. பூட்டான் ஓர்டர் வந்தால் மட்டும் முகம் கறுத்துவிடும், அந்தக் கொடியில் இருக்கும் டிராகனின் நகங்களைத் தைத்து முடிக்கக் கண் இரண்டும் பூத்துப்போகும். ஸ்காபரோவில் மரியோவின் கொடிப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் தையல் மெசினில் இருந்தவர். மல்வேர்னில் உள்ள வீட்டிலிருந்து இருட்டோடு பஸ் எடுத்து, எல்லோருக்கும் முதல் வந்து, கெற்றிலில் தண்ணீர் வைத்துவிடுவார். நான் முன்மேசையில் ஓர்டர் எடுப்பவள். அவருக்கு ஆங்கிலம் வேண்டிய நேரமெல்லாம் என் வாய்தான் அவர் வாய்.

2011 ஜூன் மாதம் அச்சோல் என்ற பெண் வந்தாள். தென் சூடான்காரி. எத்தனையோ வருடச் சண்டை, பிறகு ஒரு வாக்கெடுப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் பிரிவோம் என்றார்கள். ஜூலை ஒன்பது, சனிக்கிழமை, நாடு பிறக்கிறது. அன்று காலை இங்குள்ள தங்கள் ஆட்கள் ஏற்றுவதற்குப் பெரிய கொடி ஒன்று வேண்டும், அச்சடித்தது வேண்டாம், தைத்ததுதான் வேண்டும் என்றாள். அதைக் கேட்ட நாள் முதல் அன்ரியைப் பிடிக்க முடியவில்லை. கறுப்பு, சிவப்பு, பச்சை, இடையில் மெல்லிய வெள்ளைப் பட்டிகள், நீல முக்கோணத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம். வேறு யாரையும் துணியில் கை வைக்க விடவில்லை. மற்ற ஓர்டர்கள் தேங்க, மரியோ புறுபுறுத்துக்கொண்டு திரிந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சோல் எடுக்க வந்தாள். மேசையில் கொடியை விரித்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. கையால் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். வெள்ளைப் பட்டியில், பயறளவில், ஒரு கறுப்புப் பொட்டு.

ஊத்தை என்று நினைத்து மரியோ ஈரத்துணி எடுத்துவந்து தேய்த்தார். போகவில்லை. குனிந்து பார்த்தார். நூல்! அழகாக, வட்டமாகத் தைத்த நூல். மனிதருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நூலை உருவினால் வெள்ளையில் ஊசித்துளை தெரியும், பட்டியைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஒரு நாள் வேண்டும், கொடி ஏற இருப்பதோ நாளைக் காலை. யார் செய்த வேலை இது, அவர் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று கத்தினார்.

அன்ரி மெசினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"நான்தான் வைச்சனான். பிள்ளை, நீ இவவுக்கு விளங்கப்படுத்து. உது கண்ணூறு படாமல் இருக்க. பிறந்த பிள்ளைக்கு நாங்கள் வைக்கிறேல்லையே?"

"அன்ரி, கொடிக்கு ஆராவது பொட்டு வைப்பினமே?"

"புதுசாய்ப் பிறக்கிறதுக்கு நான் வைக்கிறனான். தொண்ணூற்றொன்பதில இங்க வடக்கில புதுசாய்ப் பிரிச்ச நுனாவுட்டுக்கு வைச்சன். பிறகு கிழக்குத் திமோருக்கும் வைச்சன். அதுகள் மடிப்புக்குள்ள, ஒருத்தருக்கும் தெரியாது. இந்தப் பிள்ளை எவ்வளவு சண்டைக்குப் பிறகு பிறக்குது! ஊர் முழுக்கப் பாக்கப்போகுது. அதுதான் கன்னத்தில வைச்சன்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மரியோ நெற்றியில் அடித்துக்கொண்டார். அச்சோல் சிரிக்கவில்லை. பொட்டின்மேல் விரலை வைத்தபடி நின்றாள். தன் அண்ணன்மார் இரண்டு பேர் இந்தக் கொடிக்காகத்தான் செத்தார்கள் என்றாள். பிறகு அன்ரியைப் பார்த்து, உங்கள் நாட்டுக் கொடிக்கும் இப்படி வைத்தீர்களா என்று கேட்டாள்.

நான் தமிழில் சொல்லத் தயங்கினேன். அன்ரிக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கிவிட்டது.

"எங்கட பிள்ளை பிறக்கேல்லையம்மா," என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். அச்சோல் கொடியை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இது இப்படியே இருக்கட்டும் என்று மரியோவிடம் சொல்லிவிட்டுப் போனாள். மரியோ அன்று முழுக்க அன்ரியோடு பேசவில்லை. திங்கட்கிழமை அவரே தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தக் கொடி ஒவ்வொரு ஜூனிலும், காற்றில் பிரிந்த ஓரம் தைக்க எங்களிடம் வரும். இரண்டு வருடத்தில் அந்த நாட்டுக்குள்ளேயே சண்டை மூண்டது. அப்போதும் வந்தது. அன்ரி வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகும் அச்சோல் வேறு கையில் கொடுக்கமாட்டாள். நான் போன் எடுத்துச் சொல்வேன், அன்ரி பஸ் ஏறி வந்துவிடுவார். பேரப்பிள்ளைகள், முழங்கால் நோ, எல்லாவற்றையும் ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு வந்து பழைய கதிரையில் இருக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், கலியாண வீட்டுக்கு வந்தவர் போல இருப்பார்.

இந்த ஜூனும் வந்தார். கொடியின் சிவப்பு வெளிறி, பச்சை வெளிறி, பொட்டு மட்டும் அன்று வைத்தது போலக் கறுப்பாக இருந்தது. ஓரம் தைத்து முடித்தார். அச்சோல் ஊர்ச் செய்தி சொன்னாள், மறுபடியும் சண்டையாம், துவக்குச் சத்தமாம். அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பொட்டை உற்றுப் பார்த்தார்.

"பிள்ளை, இவவிட்டைக் கேள். நான் அண்டைக்குச் சின்னனாய் வைச்சிட்டன் போல. கொஞ்சம் பெரிசாக்கட்டோ?"

கேட்டேன். அச்சோல் கதிரையை இழுத்து அன்ரிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கொடியின் மற்ற நுனியை இழுத்துப் பிடித்தாள். அன்ரி ஊசியில் கறுப்பு நூல் கோத்தார்.