டாக்டர் பார்த்தாச்சா?

மாட்டுக்குப் பிசியோதெரபி செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவே சிரித்தது. மரக்காணத்தில் உப்பளத்து ஆட்களின் முட்டியையும் தோளையும் நீவிக்கொண்டிருப்பவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்றார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று சென்னைக்குப் போய் அதையும் படித்துவிட்டு வந்தேன். வந்தபின் ஒரு நாலுகால் நோயாளிக்காக ஏங்கிக் கிடந்தேன். தெருவில் நாய் நொண்டினால்கூட என் கை துறுதுறுக்கும்.

ஆனால் எங்கள் படிப்பில் முதல் பாடமே ஒரு தடைதான். கால்நடை மருத்துவர் பார்த்து, இதற்கு இதைச் செய்யலாம் என்று அனுப்பி வைத்தால்தான் ஒரு பிராணியைத் தொடலாம். நீவுகிறவர், அக்குபஞ்சர் ஊசி குத்துகிறவர், மூலிகை கட்டுகிறவர் என்று யாராக இருந்தாலும் சரி. மாடு என்ன, வாய் திறந்து இங்கே வலிக்கிறது என்று சொல்லவா போகிறது? வகுப்பில் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். எதிர் வீட்டு அக்காவின் மாடு படுத்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

அக்காவுக்கு உப்பளத்தில் வேலை. மழைக்காலத்தில் அளமெல்லாம் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது. அப்போது அந்த வீட்டுக்கு மாட்டுப் பால்தான் சோறு போடும். போன மழையில் மாடு கன்று போட்டது, விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. கழுத்தை ஒருபக்கமாக மடக்கிக்கொண்டு கிடந்தது. சாயங்காலத்துக்குள் எழுந்திருக்காவிட்டால் அடிமாட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று அக்காவின் வீட்டுக்காரர் தரகரிடம் போனிலேயே பேசி முடித்துவிட்டார்.

"பாப்பா, ஓடியா! இதுக்குத்தானே படிச்ச! கால நீவி வுடு, எழுந்துக்கும்!"

எனக்குச் சந்தோஷம்தான். சொல்வதில் என்ன வெட்கம், என் முதல் மாடு! ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போனை எடுத்தேன்.

கால்நடை டாக்டரம்மா பெருமுக்கல்லில் இருந்தார். "இங்க ஒரு மாட்டுக்கு வயித்துல கன்னு குறுக்க நிக்குது, விட்டுட்டு வர முடியாது. நான் வர்ற வரைக்கும் தூக்கி நிறுத்தாதீங்க, நீவாதீங்க. சாஞ்சிடாம மூட்டைய முட்டுக் குடுத்து வைங்க, போதும்."

அதைச் சொன்னதும் அக்காவுக்கு வந்ததே கோபம்! "மனுசனத் தொடுவ, மாட்டத் தொட மாட்டியா? இங்க எவன் வந்து பாக்கப் போறான்? படிச்சதெல்லாம் மறந்துபோச்சா?"

"மறக்கலக்கா. அதனாலதான் தொடல" என்று நானும் கத்தினேன். கத்திவிட்டு, உமி மூட்டையை மாட்டுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். என் கையை நானே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மதியம் டாக்டரம்மா வந்தார். மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. கன்று போட்டதில் உடம்பில் கால்சியம் இறங்கிவிட்டது என்றார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டபடியே நரம்பில் மருந்தை மெதுவாக ஏற்றினார். "இந்த நெலமையில தூக்கி நிறுத்தியிருந்தா கால் ஒடிஞ்சிருக்கும்" என்று அவர் சொன்னபோது அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மாடு தலையைத் தூக்கியது, சாணம் போட்டது. எழப் பார்த்தது, பின்னங்கால்கள் அகன்று வழுக்கி விழுந்தது. டாக்டரம்மா காலைத் தடவி, மடக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எலும்பு நல்லா இருக்குது. ரொம்ப நேரம் படுத்ததுல சதை மரத்துப்போச்சு. என் வேலை முடிஞ்சுதுங்க, இனிமே உங்க வேலை" என்று மருந்துச் சீட்டிலேயே எழுதியும் கொடுத்தார். நான் குதிக்காத குறைதான்.

நீவினேன், மடக்கினேன், நீட்டினேன். வெதுவெதுவென்று சதையில் உயிர் வந்தது கைக்கே தெரிந்தது. மாடு எழப் பார்த்தது, மறுபடியும் வழுக்கியது. அப்போதுதான் தரையைப் பார்த்தேன். அக்கா மாட்டுக் கொட்டகைக்கு உப்புப் பாத்தி மாதிரியே தரை போட்டிருந்தார். சீசனுக்கு முன்னால் வரிசையாக நின்று களிமண்ணை மிதித்து மிதித்து வழவழவென்று ஆக்குவார்களே, அதே மிதி. தெருவே மெச்சிய தரை. உப்புக்கு அது தோதுதான். மழை ஈரத்தில் குளம்புக்குப் பிடிமானமே இல்லை.

"அக்கா, தரைதான் வழுக்குது. மணல் கொட்டணும்."

"என் தரையவா கொற சொல்ற?" என்றார். மாடு இன்னொரு முறை விழுந்தது. அக்கா உப்புக்கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். மழையால் வேலை இல்லாமல் இருந்த தெருப் பெண்கள் எல்லோரும் கூடையோடு பின்னால் போனார்கள். உப்பு சுமக்கிற அதே வேகத்தில் மணல் வந்து கொட்டியது. நடுவில் தரகரின் வண்டியும் வந்து நின்றது.

"என்னம்மா, ஏத்திடலாமா?"

"இருய்யா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவர் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோணிகளை மடித்து வயிற்றுக்கடியில் கொடுத்து, பக்கத்துக்கு நாலு பேராகப் பிடித்துக்கொண்டார்கள். நான் பின்னங்காலோடு ஒட்டிக்கொண்டேன். மாடு பின்பக்கத்தைத் தூக்கியது. தொடை வெடவெடவென்று ஆடியது. மணலில் குளம்பு புதைந்து நின்றது. அப்புறம் முன்னங்கால் ஒன்று, இன்னொன்று. நின்றுவிட்டது! நான் போட்ட கூச்சலில் கன்றுக்குட்டி மிரண்டு தாயின் மடிக்கே ஓடியது. தரகர் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுவாரம் எக்கியார்குப்பத்திலிருந்து ஒருவர் நொண்டுகிற ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். ஆட்டைக் கண்டதும் சாப்பிட்ட கையோடு ஓடினேன். எதிர்க் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அக்கா எனக்கு முன்னால் எழுந்து அவரை வழிமறித்தார்.

"டாக்டர் பாத்தாச்சா?"

"இல்லம்மா, சும்மா சுளுக்குதான்..."

"சுளுக்குன்னு ஆடு சொல்லிச்சா? மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. டாக்டர் சீட்டு இல்லாம எங்க பாப்பா கைய வெக்காது!"

ஆடு அவர் தோளில் இருந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. என் இரண்டாவது நோயாளி!