பூட்டுப் பெடலும் இடது காலும்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் மதுரையில் கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குத்தான் இருந்தார்கள். நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். என்னோடு ஓட்டியவன் பள்ளித் தோழன், பல் மருத்துவன். வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். மதுரையில் மனைவியோடு சேர்ந்து கிளினிக் வைத்திருந்தான். அவரும் பல் மருத்துவர். ஞாயிறு காலை சிம்மக்கல்லில் சந்தித்து, வாடிப்பட்டி வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம்.

அவனுடைய சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது இரண்டு ஜோடி பெடலும், அதற்கான ஒட்டும் பட்டை வைத்த ஷூக்களும் கொண்டுவந்தான். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தவை என்று அவனே சொன்னான். ஷூவின் அடியில் இரண்டு போல்ட்டுகளால் ஓர் இரும்புத் துண்டைப் பொருத்த வேண்டும். அதைப் பெடல்மேல் வைத்து அழுத்தினால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். மேல்நோக்கி எவ்வளவு இழுத்தாலும் விடாது; காலைத் தூக்கும்போதும் சைக்கிள் முன்னே போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நாங்கள் அதைப் பூட்டுப் பெடல் என்றோம்.

முதல் இரண்டு மாதம் பெடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிர்காற்றில் வேகம் குறைவது கண்கூடாக மட்டுப்பட்டது. பாலத்து ஏற்றங்களில் கியர் மாற்றாமல் போக முடிந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. திருமங்கலத்துக்கு அப்பால் மழை பெய்த மறுநாள் போனோம். கரிசல் மண் ஸ்பிரிங்குக்குள் ஏறி, இரும்புத் துண்டு உட்காரவே இடமில்லாமல் போயிற்று. குச்சியால் நோண்டி எடுத்தோம். அந்த மழைக்காலம் முடிந்தபோது வலது பெடலைக் கையால் அசைத்தால் அச்சில் ஆட்டம் இருந்தது. டீக்கடை சிமென்ட் தரையில் நடந்து நடந்து இரும்புத் துண்டுகளின் முனை தேய்ந்தது. ஸ்பிரிங்கின் பிடியைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி மட்டமான உலோகம். நாலைந்து முறை அலென் சாவி போட்டதில் அதன் அறுகோணக் குழி வட்டமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பத்திரிகைக்கு எழுத அல்ல, பழக்கம்.

நண்பனுக்கு வந்த சிக்கலை அந்த நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சமயநல்லூர் தாண்டிச் சாலையின் இடப்பக்கம் அவர்கள் வீட்டுக் குலசாமி கோயில் இருந்தது. கருப்பசாமி. எங்கள் பக்கத்தில் வண்டியில் போகிறவர்கள் கோயிலைக் கடக்கும்போது இறங்க முடியாவிட்டாலும், செருப்பிலிருந்து காலை உருவிக்கொள்வார்கள். செருப்பு அப்படியே கிடக்க, பாதம் அதன்மேல் ஓர் அங்குலம் தூக்கி நிற்கும். அவன் சின்ன வயதிலிருந்து பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் இதைச் செய்தவன். யோசித்துச் செய்வதல்ல, தும்மல் மாதிரி வருவது.

பூட்டுப் பெடல் போட்ட முதல் ஞாயிறு, கோயில் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தான். வழக்கம்போல் குதிகாலை மேலே உருவினான். கால் வரவில்லை. ஹேண்டில் திரும்பி, சாலையோரச் சரளையில் இடப்பக்கமாகச் சாய்ந்தான். முட்டியில் சிராய்ப்பு. கோயிலில் இருந்த பூசாரி தண்ணீர் கொண்டுவந்தார்.

"என்னப்பா, கும்பிடணும்னா நின்னு கும்புட வேண்டியதுதான? இப்படி விழுந்தா கும்புடுவாக?" என்றார்.

இரண்டாவது முறை சில மாதம் கழித்து, அதே இடம். இந்தத் தடவை குதிகாலைத் திருப்ப நினைவிருந்தது. வலது கால் வந்துவிட்டது, இடது கால் வரவில்லை. மணிக்கட்டை ஊன்றி விழுந்ததில், நோயாளியின் தாடையைப் பிடிக்கும் இடது கை வீங்கிவிட்டது. ஒன்பது நாள் அவனால் பல் பிடுங்க முடியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மனைவியே பிடுங்கினார். பத்தாம் நாள் அவர் என்னையும் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, சாட்சிக்கு நீங்க இருங்க. இன்னொரு தடவ விழுந்தாருன்னா சைக்கிள் ஊருக்குப் போயிரும். இவரு தம்பி பால்கேன் கட்டி ஓட்டட்டும்."

"கோயிலுக்கு முன்னாடிதான விழுகுறேன். சாமி பாத்துக்கிரும்" என்றான் அவன்.

"ஒம்பது நாளு சாமியா வந்து பல்லு பிடுங்குச்சு?"

அதற்குப் பின் அவன் கோயிலுக்கு நூறு அடி முன்பே இரண்டு கால்களையும் விடுவித்து, பெடலைத் தொடாமல் உருட்டிக்கொண்டு கடந்தான். ஷூ காலில்தான் இருந்தது. அது கணக்கில் சேருமா என்று ஒருமுறை கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்.

மறு வருடம் கோடையில் ஒரு ஞாயிறு. நான் அவனுக்குப் பத்தடி பின்னால் இருந்தேன். நூறு அடி முன்பு வலது கால் விடுபட்டது. இடது குதிகால் வெளியே திரும்பியது, இன்னும் திரும்பியது, ஷூவே பெடல்மேல் பக்கவாட்டில் நின்றது. விடவில்லை.

"மாப்ள, காலு வரல!"

"மிதிச்சுக்கிட்டே இரு, நிக்காத!"

என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரும்புத் துண்டின் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று எங்கோ விழுந்திருக்கிறது. மிச்சமிருக்கும் ஒற்றைப் போல்ட்டை அச்சாக வைத்து ஷூ சுழல்கிறது. துண்டு பெடலை விட்டு அசையவே இல்லை. வலது காலை ஊன்றி நிற்கலாம். ஆனால் வலப்பக்கம் ஒரு லாரி ஒட்டி வந்துகொண்டிருந்தது. மேலும், நிற்கும்போது இடது பக்கம் சாய்வது அவன் உடம்பில் ஊறியிருந்தது.

என் ஷூவின் போல்ட்டுகளை நான் சனிக்கிழமைதோறும் இறுக்கிவிடுவேன். அவனிடம் அதைச் சொன்னதே இல்லை.

"மாப்ள, பட்டைய உரி. ஷூவ விட்டுட்டுக் கால மட்டும் எடு!"

அவன் குனிந்தான். சைக்கிள் ஒரு முழம் வலது பக்கம் போய்த் திரும்பியது. ஒட்டும் பட்டைகள் இரண்டும் பிரிந்தன. ஷூ பெடலிலேயே இருக்க, வெள்ளைக் காலுறையோடு பாதம் வெளியே வந்தது. அந்த நிலையில் அவன் கோயிலைக் கடந்தான். பூசாரி எழுந்து நின்று பார்த்தார்.

கொஞ்ச தூரம் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றோம். ஸ்பிரிங்கைத் தளர்த்தி ஷூவைக் கழற்ற அலென் சாவியை வைத்தேன். குழி வட்டமாகிப்போன திருகாணியில் பிடிப்பு இல்லை. வாடிப்பட்டிக்குப் போகவில்லை. பட்டையைத் திறந்தே வைத்து, ஷூவுக்குள் காலைச் செருகி மெதுவாகத் திரும்பினான்.

வாசலில் மனைவி நின்றார். பெடலில் தொங்கிய ஷூவை முதலில் பார்த்தார்.

"விழுந்தீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா."

"அண்ணே, நீங்க சொல்லுங்க. பேப்பர்காரரு பொய் சொல்ல மாட்டீங்க."

"அவன் பொழப்பே அதுதான" என்றான் அவன்.

"விழல. பட்டைய உரிச்சுக் கால எடுத்துட்டான்" என்றேன்.

"பட்டைய உரிக்க முடியாமப் போயிருந்தா?"

அவன் என்னைப் பார்த்தான். 'சமாளித்திருப்பான்' என்று சொல்லியிருக்கலாம். அவன் எதிர்பார்த்தது அதுதான்.

"விழுந்திருப்பான்" என்றேன். "வலது பக்கம் லாரி வந்துக்கிட்டிருந்துச்சு."

அவர் பெடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார், பல்லை ஆட்டிப் பார்ப்பதுபோல.

"விழல. அதனால சைக்கிள் இருக்கட்டும். இத மட்டும் இப்பவே கழட்டிருங்கண்ணே."

நான் ஸ்பேனரை எடுத்தேன். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதால் எந்தப் பக்கம் அழுத்துவது என்று முதலில் பிடிபடவில்லை. அவன் உதவிக்குக் குனிந்தான்.

"நீங்க கைய வைக்காதீங்க" என்றார் அவர். "நாளைக்கி காலைல ரெண்டு கடவாப்பல்லு இருக்கு."

பெடல் ஷூவோடு சேர்ந்தே வெளியே வந்தது. அவன் சாதாரணப் பெடலுக்கு மாறினான். எதிர்காற்று அடிக்கும் மாதங்களில் என்னோடு ஒட்டி வர முடியாது, சமயநல்லூருக்கு முன்பே, பரவையிலேயே பின்தங்கிவிடுவான். வாடிப்பட்டி டீக்கடையில் எனக்கு முதல் டீ முடிந்து இரண்டாவது வரும்போது வந்து சேருவான். லாரியைப் பற்றி ஏன் சொன்னாய் என்று அவன் என்னிடம் கேட்டதில்லை.