மீசை வழித்த ராணி

மகள் மியூசியத்தில் வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கண்டதும் கையிலிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டேன். வெள்ளை பூசிய நீள முகம், துளிச் சிவப்பு வாய், நெற்றியில் ஊதாத் துணி. "அப்பா, உந்தப் பொம்பிளையைத் தெரியுமோ?" என்கிறாள். தெரியுமோவா! முதலில் அது பொம்பிளையே இல்லை.

தொண்ணூறுகளில் ஹம்பேர்க்கில் அதே மியூசியத்தின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். அந்தச் சவர்க்கார நுரையின் எலுமிச்சை வாசம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. இடைவேளையில் எங்களைக் காசில்லாமல் உள்ளே விடுவார்கள். ஜப்பானியரின் கபுகி நாடக நடிகர்களை மரக்கட்டையில் செதுக்கி, தாளில் அச்சடித்த படங்கள் ஒருமுறை மாட்டியிருந்தன. இந்த முகத்துக்குக் கீழே எழுதியிருந்ததை என் அரைகுறை ஜெர்மனில் எழுத்துக்கூட்டினேன்: பெண் வேடத்தில் ஆண் நடிகர். தடித்த தாடையையும் பெரிய மூக்கையும் ஓவியன் மறைக்கவே இல்லை. அடேயப்பா, என்ன துணிச்சல்!

எனக்கு அது பட்ட காயத்தில் மருந்து. மன்னாரில் மீசை அரும்பும் முன்பே எங்கள் கோயில் கூத்தில் ராணி நான்தான். சீலை கட்டி நான் பாட்டெடுத்தால் சனம் இருமாது. (தற்பெருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அதே கூத்தை ஹம்பேர்க்கில் போட வெளிக்கிட்டபோது, பொறுப்பாக இருந்த யூட் அண்ணை ராணி வேஷத்திலிருந்து என்னை வெட்டிவிட்டார்.

"பொம்பிளைப் பிள்ளையள் இருக்கேக்க உனக்கென்னத்துக்குச் சீலை? வெள்ளைக்காரர் சிரிப்பாங்கள்."

அந்தப் படத்தின் தபாலட்டையை வாங்கிக்கொண்டு, எஸ்-பான் ரயில் ஏறி நேரே ஒத்திகைக்குப் போய் யூட் அண்ணையிடம் நீட்டினேன்.

"அண்ணை, உவனும் ஆம்பிளைதான். உவனைப் பாக்க வெள்ளைக்காரர் மழைக்குள்ள வரிசையில நிக்கிறாங்கள். என்னைப் பாத்துச் சிரிச்சால் சிரிக்கட்டும். நான்தான் ராணி."

"அப்ப பிள்ளையளுக்கு என்ன வேஷம்?"

நான் வாயைத் திறக்கமுன் அவருடைய மகள் றெஜினா எழும்பினாள். "அப்பா, நான் ராசா."

யூட் அண்ணையின் முகம் கறுத்தது. "மீசை வைச்ச பொம்பிளையும் மீசை வழிச்ச ஆம்பிளையுமோ? விசர்க் கூத்து!" ஆனால் பாட்டு முழுவதும் பாடமாக இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும்தான். மனிதர் வேறு வழியில்லாமல் விட்டார்.

கூத்தன்று, ஜெர்மனிக்கு வந்து ஆசை ஆசையாக வளர்த்த மீசையை வழித்தேன். பவுடரால் தாடையை மறைக்க வந்த பெடியனைத் தள்ளிவிட்டேன். தெரியட்டும்! மேடை ஏறியதும் முன்வரிசையில் சிரித்தார்கள். வெள்ளைக்காரர் இல்லை, எங்கட ஆட்கள்தான். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. குரலை இன்னும் ஏற்றிப் பாடினேன். இரண்டாம் பாட்டில் ஒரு இருமல்கூட இல்லை.

அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். யூட் அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். என் மீசையும் அன்றைக்குப் போனதுதான். பிறகொரு நாள் பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிளைக்கு மீசை இல்லையோ?" என்று பெரியவர் ஒருவர் இழுத்தார்.

"ராணிக்கு மீசை எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் தந்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தேன்.